சுவிட்ச் ஆஃப் சுந்தரி

இனிப்புப் பெட்டியும் கையுமாய்ப் பல்லை இளித்துக்கொண்டு கிரீஷ் ஸ்டேஷனுக்குள் நுழைந்ததும் ஏட்டு சித்ரலேகாவுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. எவ்வளவு கொழுப்பு இருந்தால் இந்த வாசலை மறுபடி மிதிப்பான்!

வேறெங்கும் வேண்டாமென்று தள்ளிவிட்ட போலீசெல்லாம் வந்து சேருகிற ஆற்றங்கரை ஸ்டேஷன் அது. நாயைக் கண்டால் ஜீப்பை விட்டு இறங்காத இசக்கிராஜா, திருடனை விசாரிக்கும்போதே ஞானப்பாட்டு முணுமுணுக்கிற இன்ஸ்பெக்டர் அப்பாத்துரை. டி.வி.க்குச் சிரிப்புத் தொடர் எழுதுவதாகப் போன வருஷம் வந்த கிரீஷ், இவர்கள் வாங்கிக் கொடுத்த இட்லியைத் தின்றுகொண்டு எல்லாவற்றையும் பார்த்தான். சனிக்கிழமைதோறும் சாரம்மாள் வருவதையும் பார்த்தான், பாவி.

சாரம்மாளின் மகன் எஸ்றா வேலைக்கென்று பஸ் ஏறியவன். போன இடம் தெரியவில்லை. ஸ்டேஷன் நம்பரிலிருந்து கூப்பிட்டால் பயந்தாவது எடுப்பான் என்பது அவள் நம்பிக்கை. அதற்காகவே வாரம் தவறாமல் சித்ரலேகா அடித்துப் பார்ப்பாள். போன் அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக ஒரு பெண்குரல் சொல்லும். அதை முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் சாரம்மாள் கிளம்புவாள்.

தொடர் வந்த அன்று ஸ்டேஷன் கல்யாண வீடு மாதிரி இருந்தது. தங்கள் கூத்தைப் பார்த்துத் தாங்களே சிரிக்க எல்லோரும் கூடினார்கள். சாரம்மாளும் நம்ம ஆள்தானே என்று அவளைக் கூட்டிவந்து முன் நாற்காலியில் உட்கார வைத்ததே சித்ரலேகாதான். நாய்க்குப் பயந்து ஒரு போலீஸ் ஓடினான். இசக்கிராஜாவே விழுந்து விழுந்து சிரித்தான். அடுத்து, சாரம்மாளின் அதே மஞ்சள் பையோடு 'சுவிட்ச் ஆஃப் சுந்தரி' வந்தாள். போனைக் காதில் வைத்த போலீஸ்காரன் உதட்டைப் பிதுக்க, சிரிப்புச் சத்தம் கொட்டியது. சாரம்மாள் எழுந்து பைய நடந்து போனாள். அப்புறம் ஸ்டேஷன் பக்கமே வரவில்லை; சித்ரலேகா மட்டும் சனிக்கிழமை தவறாமல் அந்த நம்பருக்கு அடித்துப் பார்த்தாள். பஸ்ஸில் பயல்கள் அவளைச் சுந்தரி என்றே கூப்பிடுகிறார்களாம்.

இப்போது இவன் இரண்டாம் பாகம் எடுக்கப் போகிறானாம். சுந்தரிக்குத்தான் ஏக வரவேற்பாம். அந்த அம்மாவையே நடிக்க வைத்தால் என்ன என்று வாய் கூசாமல் கேட்டான். சித்ரலேகா பெட்டியைத் தூக்கி வெளியே வீசினாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வாயெடுத்தபோது வாசலில் சாரம்மாள் நின்றாள்.

"ஏட்டம்மா, இனிமே அந்த நம்பருக்கு அடிக்காதீங்க. அந்த நாடகத்த ஊரு பூரா பாத்துச்சாம்லா. எம்மவன் உசுரோட இருந்தா அவனும் பாத்திருப்பாம்லா. அம்மையப் பாத்து ஊரே சிரிக்கது தெரிஞ்சும் வராம இருப்பானா?"

மன்னிப்பு அது இது என்று கிரீஷ் முனகினான். சித்ரலேகா எஸ்றாவின் நம்பரைப் போட்டு, போனை அவன் காதோடு சேர்த்து அழுத்தினாள்.

"கேளுங்க சார். கேட்டுட்டு நல்லாச் சிரிங்க."

பெண்குரல் வழக்கம்போல ஆரம்பித்தது. அது சொல்லி முடிக்கும்வரை நிற்காமல் சாரம்மாள் படியிறங்கிப் போனாள்.