கூடத்துக் கூரையில் ஒரு விரிசல்

ஜமுனாமரத்தூரில் அந்த வீட்டுக்குள் நுழைந்ததுமே சசிகலாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. இரண்டு அறை, பெரிய கூடம், மாடிக்குப் படி, கூப்பிடு தூரத்தில் சந்தை. வேறென்ன வேண்டும்? அவள் கணவன் மோகனோ இதில் ஒன்றையும் பார்க்கவில்லை. அண்ணாந்து கூரையையே பார்த்தான். கூடத்தின் நடுவில், சோற்றுத்தட்டு அகலத்துக்கு, சிலந்தி வலை மாதிரி விரிசல்.

"இது வேணாம் சசி. போலாம்."

அவன் பயமும் சும்மா வந்ததல்ல. இரண்டு வருடத்துக்கு முன் புதூர்நாட்டு வாடகை வீட்டில் கூரைப் பூச்சு பெயர்ந்து அவன் தலையணை மேலேயே விழுந்தது. தண்ணீர் குடிக்க எழுந்துபோயிருந்ததால் பிழைத்தான். அன்றிலிருந்து மனுஷன் வீட்டுக் கூரைக்குக் கீழே கண்ணை மூடியதே இல்லை. மழையோ பனியோ, வாசல் தகரப் பந்தல்தான். மலைப்பனி விடுமா? இருமி இருமிப் பாதியாகிவிட்டான். அவனை ஒரு வீட்டுக்குள் படுக்க வைத்துவிட வேண்டும் என்றுதான் சசிகலா விலைக்கு ஆறு வீடு பார்த்துவிட்டாள். ஆறையும் அவன் தட்டிக்கழித்தான். இது ஏழாவது.

இந்த முறை அவள் விடுவதாக இல்லை. கையோடு கண்ணாயிரம் மேஸ்திரியைக் கூட்டிவந்திருந்தாள். அவர் முக்காலி மேல் ஏறி, கட்டையால் கூரையைத் தட்டினார். ஓரங்களில் கெட்டியான சத்தம். நடுவில் மட்டும் பொத்தென்றது.

"மேலேர்ந்து அடி வாங்கின மாதிரி இருக்குதும்மா. எதனாலன்னு தெரியணும்."

வீட்டுக்காரர் ஆதிநாராயணன், மாடியில் துணி காயப்போடுவதைத் தவிர வேறெதுவும் நடந்ததில்லை என்று சாதித்தார். அடி என்ற சொல்லே சசிகலாவுக்குப் போதுமாக இருந்தது. மாடிக்கு ஓடினாள். விரிசலுக்கு நேர் மேலே தளத்தில் கருஞ்சிவப்பாக ஒரு கறை. கைப்பிடிச் சுவர் ஓரத்தில் நொறுங்கிய மெல்லிய ஓடுகள். நகத்தால் சுரண்டி மோந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த வாசனை தெரியாத மூக்கு இந்த மலையில் உண்டா? இரண்டிரண்டு படியாக இறங்கினாள்.

"மேல ஒக்காந்து புளி அடிச்சிருக்கீங்க. இல்லன்னு சொல்லுங்க பாக்கலாம்."

ஆதிநாராயணன் அசடு வழிந்தார். எட்டு வருடமாக அவர் மனைவி அதே இடத்தில் கல்லைப் போட்டு, ஓடும் கொட்டையும் போகப் புளி அடித்தாளாம். சொன்னால் வாங்க வருபவர்கள் ஓடிவிடுவார்கள் என்று மறைத்தாராம். மறைத்ததால்தான், விரிசலுக்குக் காரணம் தெரியாமல் இதுவரை வந்தவர்களெல்லாம் ஓடினார்கள் என்பது அந்த மகாபுத்திசாலிக்கு உறைக்கவே இல்லை.

மேஸ்திரி பொத்தென்று ஒலித்த பூச்சைக் கொத்தித் தள்ளினார். உள்ளே கான்கிரீட்டில் ஒரு கீறல் இல்லை, துருக்கறை இல்லை. பூச்சுதான் அதிர்ந்து விட்டுப்போயிருக்கிறது என்றார். கடைசியாக ஒரு சோதனை பாக்கி. மேலே களிமண் வரப்புக் கட்டித் தண்ணீர் தேக்க வேண்டும். மத்தியானம் வரை கசியாவிட்டால் கூரை கெட்டி.

சசிகலா குடம் குடமாகத் தானே தூக்கினாள். யாரையும் தொடவிடவில்லை. கீழே சொட்டுகிறதா என்று பார்க்கும் வேலையை மோகன் வாங்கிக்கொண்டான். சொட்டும் என்று அவனுக்கு அத்தனை நம்பிக்கை. அண்ணாந்து கழுத்து வலித்ததால் டார்ச்சோடு தரையில் மல்லாந்துவிட்டான்.

மத்தியானம் சசிகலா இறங்கிவந்தாள். முதலில் கூரையைப் பார்த்தாள். பொட்டு ஈரமில்லை. அதைச் சொல்லத் திரும்பினாள். கொத்தின இடத்துக்கு நேர் கீழே, எரியும் டார்ச் நெஞ்சில் கிடக்க, மோகன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

பின்னாலேயே வந்த ஆதிநாராயணன் என்ன முடிவு என்று உரக்கக் கேட்டார். அவள் அவசரமாகக் கையமர்த்தினாள்.

"வாங்கிக்கிறோம். மெதுவா பேசுங்க, அவரு தூங்குறாரு."