நாலு பேருக்கு ஒரே வாக்குமூலம்

நாலு வாக்குமூலங்களையும் ஹெலன் மேசையில் பக்கத்துக்குப் பக்கம் பரப்பியபோது, லோஜினி பாராட்டை எதிர்பார்த்துத்தான் நின்றாள். சனிக்கிழமை முழுவதும் கிழக்கு லண்டனில் பிளேஸ்டோவில் உட்கார்ந்து எடுத்துவந்தவை அவை. பேச்சுரிமைக்கும் போராடும் உரிமைக்கும் வழக்காடுகிற இந்தச் சின்ன அமைப்பில், சட்டம் படிக்கும் அவள் கோடைப் பயிற்சிக்குச் சேர்ந்த பிறகு தனியாகச் செய்த முதல் வேலை.

"சுஜீத் அசையாமல் நின்றான், யாரையும் தொடவில்லை. நாலு பேரும் இதையே சொல்கிறார்கள்," என்றார் வழக்கறிஞர் ஹெலன். "பதாகை இடது கையில். தூறல். அதுவும் நாலிலும் இருக்கிறது. உனக்கு ஒன்றும் தோன்றவில்லையா?"

"பலமான சாட்சி என்று தோன்றியது."

"சேர்ந்திருந்து பாடம் பண்ணியது என்று நீதிமன்றம் தூக்கிப்போடும்."

பிறகு ஒரு படத்தை எடுத்து வைத்தார். அரச தரப்பு அனுப்பியது. ஏப்ரலில் பாராளுமன்றத்துக்கு முன்னால் நடந்த ஆர்ப்பாட்டம். சுஜீத்தின் கை ஒரு பொலிஸ்காரரின் சட்டைக் கையை இறுகப் பற்றியிருந்தது. அவரைத் தள்ளினான் என்பதுதான் வழக்கு. அவனுடைய அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் முடிவு வரவில்லை. குற்றவாளி என்று தீர்ப்பானால் அதுவும் கவிழக்கூடும்.

"சுஜீத்திடம் நான் பேசிக்கொள்கிறேன். சாட்சிகளுக்கு இந்தப் படத்தைக் காட்டாதே, இப்படி ஒன்று இருப்பதாகவும் சொல்லாதே. திரும்பப் போய் ஒவ்வொருவராகத் தனியே கேள்."

ரயிலில் போகும்போதுதான் லோஜினிக்கு உறைத்தது. தோர்ண்டன் ஹீத்தில் அவளுடைய வீட்டிலும் இதே பழக்கம்தான். எந்த அரசாங்கக் கந்தோருக்குப் போவதானாலும் முதல்நாள் எல்லோரையும் இருத்தி, யார் என்ன கேட்டால் என்ன சொல்வது என்று அப்பா ஒருமுறை ஓட்டிப்பார்ப்பார். பள்ளிக்கூடம் போகாத நாளுக்குக்கூட அக்காவும் அவளும் ஒரே காரணத்தைத்தான் சொல்ல வேண்டும். அந்த வீட்டில் வளர்ந்தவளுக்கு நாலு பேர் ஒரே வாயால் பேசியது எப்படிக் குறையாகத் தெரியும்?

பத்மநாதன் வீட்டு முன்னறையில் நாலு சாட்சிகளும் தயாராக இருந்தார்கள். பத்மநாதன், அவர் மனைவி செல்வமலர், பக்கத்து வீட்டு வைத்தியநாதன், அவர் மனைவி கமலேஸ்வரி. மேல் அறையில் வாடகைக்கு இருக்கும் சுஜீத் மாடிப்படியில் குந்தியிருந்தான். ஹெலன் அவனிடம் பேசிவிட்டார் என்பது அவன் முகத்தில் தெரிந்தது. வாயைத் திறக்கக் கூடாது என்றும் சொல்லியிருப்பார்.

"ஒவ்வொராளாக் குசினிக்கை வாங்கோ. தனியக் கதைக்கவேணும்," என்றாள் லோஜினி.

"ஏன் தனிய?" பத்மநாதன் நிமிர்ந்தார். இறைச்சிக் குளிர்க்கிடங்கில் பெட்டி தூக்கித் தூக்கி விறைத்துப்போன விரல்களை எப்போதும்போல் தேய்த்துக்கொண்டிருந்தார். "நாங்கள் என்ன களவெடுத்தனாங்களோ?"

"ஒண்டாச் சொன்னால் நம்பமாட்டினம், அங்கிள்."

"பிள்ளை, நீ இஞ்சை பிறந்தனி. சுவிசிலை என்ரை அகதிக் கேசிலை, வீட்டை விட்டு வெளிக்கிட்டது காலமை எண்டு நான் சொன்னன், பின்னேரம் எண்டு இவள் சொன்னாள். அவ்வளவுதான். பொய்க் கேஸ் எண்டு திருப்பிவிட்டாங்கள். பிறகு எத்தனை வருசம் அலைஞ்சம் எண்டு அவளைக் கேள்."

"பின்னேரந்தான்," என்றாள் செல்வமலர்.

வைத்தியநாதன் சிரித்துவிட்டார். "அண்ணை, இன்னும் அந்தக் கேஸ் முடியேல்லைப் போல!"

"நீ வாயைப் பொத்து."

"அங்கை ரெண்டு பேரும் ஒண்டைச் சொல்லேல்லை எண்டு தள்ளினாங்கள். இஞ்சை நாலு பேரும் ஒண்டைச் சொன்னால் தள்ளுவாங்கள்," என்றாள் லோஜினி. "கண்டதை மட்டும் சொல்லுங்கோ. காணாததை விடுங்கோ."

செல்வமலர் எழுந்து சமையலறைக்குள் போனாள். லோஜினி பின்னால் போய்க் கதவைச் சாத்தினாள்.

"நான் ஒண்டு கண்டனான்," என்றாள் செல்வமலர், கதவைப் பார்த்தபடி. "அதைச் சொன்னால் அவனுக்கு நல்லதோ கூடாதோ? முதல் அதைச் சொல்லு."

அந்தப் படம் லோஜினியின் கண்முன்னால் நின்றது. பிடித்ததை மறைத்தால்தான் அவனுக்குக் கேடு என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு இந்த வாக்குமூலமும் சொல்லிக்கொடுத்ததாகிவிடும்.

"என்னாலை சொல்ல ஏலாது, அன்ரி."

"உன்னைப் படிப்பிச்சு என்ன பிரயோசனம்!"

செல்வமலர் அடுப்பைத் துடைக்கும் துணியை எடுத்தாள், துடைக்காமலே வைத்தாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

"பின்னாலை இருந்த சனம் நெரிச்சது. அவன்ரை கால் கம்பி வேலியிலை மாட்டுப்பட்டது. விழப்போனவன், அந்தப் பொலிஸ்காரன்ரை கையைப் பிடிச்சவன். பொலிஸ்காரனும் அவனை விழவிடாமல் தாங்கினவன். தள்ளினது எண்டு கத்திக்கொண்டு ஓடிவந்தது வேறை ஒரு பொலிஸ்காரன்." நிறுத்தினாள். "நான் சொன்னதைக் கேட்டிட்டு, பிடிச்சவன் எண்ட சொல்லே வரக்கூடாது எண்டு இவர் சொன்னவர். தாங்கினவன் எண்டதையும் அதோடை விட்டிட்டம்."

லோஜினி அதைச் சொன்னபடியே எழுதினாள். செல்வமலர் கையெழுத்து வைத்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே போனாள். மாடிப்படியில் இருந்த சுஜீத்தை அவள் பார்க்கவில்லை.

பத்மநாதன் கூப்பிடாமலே வந்தார். கதிரையில் இருக்காமல் நின்றபடி கேட்டார்:

"அவள் என்ன சொன்னவள்?"

"அதுவும் சொல்ல ஏலாது, அங்கிள்."

அவர் கதிரையை இழுத்து உட்கார்ந்தார்.

"நான் ஒண்டும் காணேல்லை. பிளாஸ்கிலை இருந்து தேத்தண்ணி ஊத்திக்கொண்டு நிண்டனான். சத்தம் கேட்டுத்தான் திரும்பினன். அதுக்குள்ளை அவனை இழுத்துக்கொண்டு போட்டாங்கள். தூறினதும் தெரியாது. வைத்தி தூறினது எண்டான், நானும் போட்டன்."

அவள் எழுதி வாசித்துக் காட்டினாள். மூன்று வரிதான் வந்தது.

"காணேல்லை எண்டதுக்கும் கையெழுத்து வைக்கலாமோ?"

"வைக்கலாம்."

விறைத்த விரல்களால் மெல்ல மெல்லப் பெயரை எழுதினார். கதவைத் திறந்ததும் வைத்தியநாதன் எழுந்து, வழக்கம்போல், என்ன சொல்வது என்று அவர் முகத்தைப் பார்த்தார்.

"என்னைப் பாக்காதை," என்றார் பத்மநாதன். "நீ கண்டதைப் போய்ச் சொல்லு."