குதிக்கவில்லை

நான்கு வருஷமாக இன்ஜினில் உதவி டிரைவராக ஏறி இறங்கும் கலைமதிக்கு எல்லாரும் சொல்லித்தான் வைத்திருந்தார்கள். பயிற்சியில் சொன்னார்கள், ஓய்வறையில் தட்டைக் கழுவும்போது சொன்னார்கள். "ஒருநாள் உன் வண்டியிலயும் ஆள் அடிபடும். அன்னைக்கு முகத்தை மட்டும் பார்த்துடாத." அந்த நாள், மூன்று நாள் கொட்டிய மழை ஓய்ந்த ஒரு திங்கட்கிழமை காலையில் வந்தது. அவள் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

விழுப்புரத்திலிருந்து சென்னைப் பக்கம் போகும் பாசஞ்சர் வண்டி. இடப்பக்க இருக்கையில் டிரைவர் விருத்தாசலம், ஐம்பத்தேழு வயசு, பேச்சு குறைவு. வலப்பக்கம் கலைமதி. திண்டிவனம் தாண்டி ஒலக்கூரை நெருங்கும்போது பக்கத்துத் தண்டவாளத்தில் எதிரே ஒரு கூட்ஸ் வண்டி கடகடவென்று வந்தது. அதன் கடைசிப் பெட்டி கடந்து கண் முன்னால் வெளிச்சம் திறந்தபோது, இவர்களுடைய தண்டவாளத்தின் நடுவே ஒரு பெண் நடந்துகொண்டிருந்தாள். இடுப்பில் கூழ்த்தூக்கு. சேலையை முழங்காலுக்கு மேலே செருகியிருந்தாள்.

"சார்!" என்று கத்தியது கலைமதிக்கே கேட்கவில்லை. விருத்தாசலத்தின் கை அதற்குள் ஹாரனிலும் பிரேக்கிலும் இருந்தது. அந்தப் பெண் திரும்பினாள். தூக்கை எறிந்தாள். வந்த வழியே ஓடப் பார்த்தாள். இரண்டு எட்டு வைத்திருப்பாள்.

வண்டி நிற்க அரை கிலோமீட்டருக்கு மேல் ஆயிற்று. நின்ற பிறகு விருத்தாசலம் முன்கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னார்: "போய்ப் பாரும்மா. உயிர் இருந்தா சொல்லு."

அப்படித்தான் விதி. டிரைவர் இன்ஜினை விட்டு இறங்கக் கூடாது. உதவி டிரைவர்தான் இறங்கிப் பின்னால் நடக்க வேண்டும். கலைமதி வாக்கி-டாக்கியை எடுத்துக்கொண்டு ஜல்லியில் நடந்தாள். ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் தலைகள் நீண்டன. தலைகளுக்கு முன்னால் செல்போன்கள்.

"என்னாம்மா, சூசைடா?"

"எவ்ளோ நேரம் ஆவும்? எட்டரைக்கு நான் ஆபீஸ்ல இருக்கணும்."

நாலாவது பெட்டியின் வாசலில் தொங்கிக்கொண்டிருந்த ஒருவன் பக்கத்திலிருந்தவனிடம் சொன்னான்: "லேடி டிரைவர்பா. அதான் இப்படி."

கலைமதி நின்றாள். அவள் ஓட்டவில்லை, ஓட்டியிருந்தாலும் இதே தூரத்தில்தான் வண்டி நின்றிருக்கும். அதை அவனுக்கு விளக்க அவளுக்குப் பொறுமை இல்லை.

"எறங்கி வாங்க சார்," என்றாள். "அங்கேர்ந்து எடுத்தா சரியா விழாது. என் கூட வாங்க. பக்கத்துல நின்னு எடுத்து, அந்தம்மா புள்ளைங்களுக்கும் அனுப்பிவிடுங்க."

அவன் செல்போனைச் சட்டைப் பைக்குள் போட்டான். யாரும் இறங்கவில்லை.

பின்னால் போய்ப் பார்த்தாள். பார்க்க எதுவும் மிச்சம் வைக்காமல் அடித்திருந்தது. முகம் மட்டும் அப்படியே இருந்தது. நாற்பது வயசிருக்கும். கலைமதி வாக்கி-டாக்கியில், "உயிர் இல்லைங்க சார்," என்றாள். குரல் ஏதோ ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி வந்தது.

அப்போதுதான் அவள் தோளில் ஒரு ஜல்லிக்கல் வந்து விழுந்தது.

கூட்ஸ் போன தண்டவாளத்துக்கு அப்பால் இன்னொரு பெண் நின்றிருந்தாள். அவள் கையில் அடுத்த கல் இருந்தது. "கண்ணு அவிஞ்சாடி பூட்ச்சு? ஆள் போறது தெரியல? அவ்ளோ பெரிய வண்டிய வெச்சிக்கினு நிறுத்தத் தெரியாதா உங்களுக்கு?"

அவள் பெயர் அஞ்சம்மாள். செத்துப்போனவள் சின்னபொண்ணு, அவளுடைய ஓரகத்தி. அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு, பதினெட்டு வருஷமாக ஒரே கூரையில் பொங்கித் தின்றவர்கள். இருவரும் களையெடுக்கப் போய்க்கொண்டிருந்தார்கள். ஊர் இந்தப் பக்கம், வயல் அந்தப் பக்கம். கூட்ஸ் போகட்டும் என்று இருவரும் சேர்ந்துதான் நின்றிருந்தார்கள். போனதும் சின்னபொண்ணு முதலில் கால் வைத்தாள். அந்தச் சத்தத்தில் எந்த ஹாரன் கேட்கும்?

கலைமதிக்கும் ஆத்திரம் வந்தது. தோள் எரிந்தது. "ஏன்க்கா, கீழ சப்வே கட்டி வெச்சிருக்கில்ல? அதுல போகாம தண்டவாளத்து மேல ஏன் வர்றீங்க? நீங்க வந்து வுழுவீங்க, நாங்க ஜெயிலுக்குப் போற மாதிரி நிக்கணுமா?"

அஞ்சம்மாள் கல்லைக் கீழே போட்டாள். தண்டவாளத்தைத் தாண்டி வந்து கலைமதியின் மணிக்கட்டைப் பிடித்தாள். களைக்கொத்துப் பிடித்துக் காய்த்த கை, விடுவிக்க முடியவில்லை. கரையோரமாக இழுத்துக்கொண்டு போய்ச் சரிவின் தலைப்பில் நிறுத்தினாள்.

"இதானே சப்வே? நட. இந்தப் பக்கம் எறங்கி அந்தப் பக்கம் ஏறிக் காட்டு. ஏறிட்டின்னா நான் உன் கால்ல வுழுந்து கும்புடறேன்."

முன்பு அந்த இடத்தில் ரயில்வே கேட் இருந்தது. கேட்டை எடுத்துவிட்டுத் தண்டவாளத்துக்கு அடியில் சுரங்கப்பாதை கட்டினார்கள். இப்போது அதில் பழுப்புத் தண்ணீர் நின்றது. தண்ணீரின் அபாய அளவைக் காட்டச் சுவரில் அடித்திருந்த மஞ்சள் கோடும் அதன் பக்கத்து எழுத்தும் பாதி மூழ்கிக் கிடந்தன. ஒரு செத்த கோழி மிதந்தது.

கலைமதி இறங்கினாள். ஏன் இறங்கினாள் என்று பின்னால் பலர் கேட்டார்கள். அவளுக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அந்த நிமிஷத்தில் யார்மீதாவது கோபப்பட வேண்டியிருந்தது. யார்மீது என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பூட்ஸோடு இறங்கினாள். முழங்கால், இடுப்பு. பாதி வழி போவதற்குள் தண்ணீர் மார்புக்கு வந்தது. காலடியில் சேறு வழுக்கியது. வாக்கி-டாக்கியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டாள். அதில் விருத்தாசலம் கூப்பிட்டார்: "மதி, எங்க இருக்கே? பாடி ஓரம் பண்ணியாச்சா? எடுக்கலாமா?"

"சப்வேக்குள்ள இருக்கேன் சார்."

"எங்க?"

அவள் திரும்பி ஏறினாள். மேலே அஞ்சம்மாள் இரண்டு கையையும் தலையில் வைத்து உட்கார்ந்திருந்தாள். "வருசா வருசம் இதே பேஜாரு," என்றாள். இப்போது கத்தவில்லை. "மோட்டாரு வெக்கிறோம்னானுங்க. மனு குடுத்தா வாங்கி வெச்சிக்கினு, உங்க சப்வே எங்க ஆபீஸ் இல்ல, அந்த ஆபீஸுன்றான். அங்க போனா இங்க போங்கன்றான்."

வண்டியின் கார்டும் ஊர்க்காரர்கள் நாலு பேரும் சேர்ந்து சின்னபொண்ணை ஓரத்துக்குத் தூக்கினார்கள். வண்டி கிளம்பியது. ஈரச் சட்டையோடு கலைமதி தன் இருக்கையில் உட்கார்ந்தாள். சிக்னல் வரும்போது அதன் நிறத்தை அவள் உரக்கச் சொல்ல வேண்டும். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. விருத்தாசலமே இரண்டு பேருக்குமாகச் சொல்லிக்கொண்டு ஓட்டினார். அன்றைக்கு மாற்று ஆள் கிடைக்கவில்லை. ஆளை அடித்த கையோடு அந்த மனிதர் ஆயிரம் பேரைச் சென்னைக்குக் கொண்டுபோய் இறக்கி, திரும்பவும் ஒரு வண்டியை விழுப்புரத்துக்கு ஓட்டி வந்தார்.

மாலையில் அலுவலகத்தில் மேற்பார்வையாளர் தமிழ்மணி வாக்குமூலத்தைத் தயாராக வைத்திருந்தார். நல்ல மனிதர்தான், டீ வரவழைத்தார், ஃபேனைக் குறைக்கவா என்று கேட்டார். காகிதத்தில், 'பெண் ஒருவர் ஓடும் வண்டியின் முன் திடீரெனக் குதித்தார்' என்று இருந்தது. கீழே விருத்தாசலம் கையெழுத்துப் போட்டிருந்தார்.

"குதிக்கல சார்," என்றாள் கலைமதி.

"தெரியும்மா. எல்லாத்துக்கும் இதே வாசகம்தான். எழுதினா ஃபைல் மூடிடும். உனக்கும் தொல்லை இல்லை."

"அவங்க திரும்பி ஓடப் பார்த்தாங்க. சாவணும்னு வந்தவங்க யாரு சார் திரும்பி ஓடுவாங்க?"

அவள் வேறு காகிதம் எடுத்து நின்றபடியே எழுதினாள். கூட்ஸ் போகும்வரை இருவரும் காத்திருந்ததாகக் கூடவந்த பெண் சொன்னதை எழுதினாள். ஹாரன் கேட்டுத் திரும்பி ஓட முயன்றதைத் தான் கண்ணால் பார்த்ததாக எழுதினாள். சப்வேயில் தண்ணீர் தன் மார்பளவு இருந்தது, தானே இறங்கிப் பார்த்தேன் என்றும் எழுதினாள்.

தமிழ்மணி அந்தக் கடைசி வரியில் விரலை வைத்தார். "இதை மட்டும் எடுத்துடு. டியூட்டி நேரத்துல இன்ஜினை விட்டுட்டு சப்வேக்குள்ள போனேன்னு நீயே எழுதிக் குடுக்கறே. இதுக்கு உன்மேலதான் நடவடிக்கை வரும்."

"வரட்டும் சார். தண்ணிமேல நடவடிக்கை எடுக்க ஆள் இல்ல. என்மேலயாவது எடுங்க."

வெளியே வராந்தாவில் விருத்தாசலம் காத்திருந்தார். அவள் எழுதியது அதற்குள் அவர் காதுக்குப் போயிருந்தது. அவர் சத்தம் போட்டு கலைமதி அதுவரை கேட்டதே இல்லை.

"அப்ப நான் பொய்யன்? உன் அப்பன் வயசு எனக்கு. பதினோரு பேர், பன்னெண்டாவது இந்தம்மா. எல்லாத்துக்கும் குதிச்சாங்கன்னுதான் எழுதியிருக்கேன். நீ வந்து நாலு வருசத்துல நியாயம் பேசறியா?"

"பதினோரு பேரும் குதிச்சாங்களா சார்?"

அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். "சிலபேர் குதிச்சாங்க. சிலபேர் குதிக்கல. திண்டிவனத்துக்கிட்ட ஒரு தாத்தா, காது கேக்காது போல, ஹாரன் அடிச்சிக்கினே இருக்கேன், மாட்டை இழுத்துக்கினே போறாரு. அவரையும் குதிச்சார்னுதான் எழுதினேன்." "அப்படி எழுதினாத்தான் மறுநாள் வண்டி ஏற முடியும் மதி. அவங்களே வந்தாங்க, நான் ஒண்ணும் பண்ணல. அந்தக் காகிதம் ஆபீஸுக்கு இல்ல. எனக்கு."

கலைமதிக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பாவமாக இருந்ததே மேலும் எரிச்சலாக இருந்தது. இந்த மனிதரைப் பன்னிரண்டு முறை சாகடித்துவிட்டு, ஒவ்வொரு முறையும் ஒரு காகிதத்தைக் கொடுத்து, இதை மருந்தாக வைத்துக்கொள் என்று அனுப்பியிருக்கிறார்கள்.

"உங்களை நான் சொல்லல சார்," என்றாள். "ஆனா எழுதினதை மாத்த மாட்டேன்."

அவர் தன் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவள்மேல் குறிப்பாணை வந்தது: பணியிடத்தை விட்டு அனுமதியின்றி விலகியது, வண்டியைப் பதினொரு நிமிஷம் தாமதப்படுத்தியது. அனந்தபுரத்திலிருந்து அவள் அப்பா பச்சைமுத்து போன் செய்து, "மேலதிகாரிகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கம்மா, வேலை போய்ட்டா என்னா பண்ணுவ?" என்றார். அவரிடமும் கத்தினாள். தூக்கம் போயிற்று. மிக்ஸி ஓடினால் கூட்ஸ் வருவதாகத் தோன்றியது. கூழ்த்தூக்கோடு யார் தெருவில் போனாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மூன்று வாரம் கழித்து விசாரணை. சாட்சியாக அஞ்சம்மாளையும் வரச்சொல்லியிருந்தார்கள். அவள் வெளுத்த நீலச் சேலையில் வந்து, விசாரணை அதிகாரி உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றாள்.

"உங்க ஓரகத்திக்கு வீட்டுல ஏதாவது பிரச்சினை உண்டா? மனக்கஷ்டம்?" என்று அதிகாரி கேட்டார்.

"அவளுக்குச் சாவறதுக்கு நேரம் ஏதுங்க? களையெடுக்கவே நேரம் பத்தல. இவ சப்வேல எறங்கிப் பார்த்தா," என்று கலைமதியைக் காட்டினாள். "உங்கள்ல வேற யாரு வந்து எறங்கிப் பார்த்தீங்க?"

அதிகாரி பேனாவை மூடித் திறந்தார். அடுத்து விருத்தாசலத்தைக் கூப்பிட்டார். முதலில் கொடுத்த வாக்குமூலத்தை உறுதி செய்கிறீர்களா என்று கேட்டார். வெறும் சம்பிரதாயக் கேள்வி.

"இல்லைங்க சார். அந்தம்மா குதிக்கல. திரும்பி ஓடினாங்க. நான் அடிச்சிட்டேன்."

"நீங்க அடிச்சீங்கன்னு யாரும் சொல்லல விருத்தாசலம்."

"நான் சொல்றேன் சார்."

அன்றைக்கே அவர் இன்னொரு கடிதமும் கொடுத்தார். இனி இன்ஜின் ஏற முடியாது, ஸ்டேஷனில் எந்த வேலை கொடுத்தாலும் பார்க்கிறேன் என்று. வராந்தாவில் கலைமதியைக் கடந்து போகும்போது நிற்கவில்லை. அவள் கூப்பிடவும் இல்லை. அவருடைய காகிதத்தைப் பிடுங்கியது தான்தான் என்று அவளுக்குத் தெரியும். பிடுங்கியது சரி என்றும் தெரியும். இரண்டும் ஒன்றையொன்று சமாதானப்படுத்தவில்லை.

முடிவு அன்று மாலை நாலு மணிக்கு வந்தது. கலைமதிக்கு எச்சரிக்கை, ஆறு மாசம் இன்ஜின் கிடையாது, ஆபீஸ் வேலை. சின்னபொண்ணின் காகிதத்தில் 'குதித்தார்' என்பதை அடித்துவிட்டு, 'கவனக்குறைவாகத் தண்டவாளத்தைக் கடந்தார்' என்று எழுதினார்கள். தண்ணீரைப் பற்றி ஒரு வரி: 'சம்பந்தப்பட்ட சுரங்கப்பாதையில் நீரேற்று மோட்டார் பொருத்தப்பட்டுவிட்டது.'

வாசலில் நின்று கலைமதி அதை அஞ்சம்மாளுக்குப் படித்துக் காட்டினாள். அஞ்சம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. அது நல்ல சிரிப்பு இல்லை.

"மோட்டாரு வெச்சிருக்கான், மெய்தான். கரண்டு குடுக்கல. ஒயரு சும்மா தொங்கிக்கினு கீது. நேத்துக்கூட தண்டவாளத்து மேலதான் போய் வந்தேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "உனுக்காவது ஆறு மாசம் ஆபீஸுல உக்கார வெக்கிறான். எனுக்கு? ஒரு நாளைக்கு எத்தினி வண்டி எங்க ஊட்டாண்ட போவுது தெரியுமா? ஒவ்வொண்ணு போறப்பவும் அவ திரும்பி என்னைப் பார்க்கறா. மறுநாளு அதே எடத்துல காலை வெச்சித்தான் நான் கழனிக்குப் போவணும்."

கலைமதி கையிலிருந்த உத்தரவை இரண்டாக மடித்தாள். ஆறுதலாக ஏதாவது சொல்லலாமா என்று நினைத்தாள். சொன்னால் அந்தக் காய்த்த கை தன் கன்னத்தில் இறங்கும், இறங்க வேண்டியதுதான் என்று தோன்றியது.

"ஒயர் தொங்குதுன்றதை இங்க வாசல்ல நின்னு ஏன்க்கா சொல்றீங்க?" என்றாள். "உள்ள வாங்க. இப்பதானே பொருத்திட்டோம்னு எழுதினாங்க? பேனா மை காயறதுக்குள்ள அந்த அதிகாரி முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க."

"கதவை மூடிட்டாங்களே."

"மூடினா என்னா?"

அவள் முன்னால் போய்த் தட்டினாள். உள்ளே யாரோ, "நாளைக்கு வாங்க, டைம் முடிஞ்சிடுச்சு," என்றார்கள். கலைமதி திரும்பவும் தட்டினாள். நிறுத்தாமல் தட்டினாள். அஞ்சம்மாள் பக்கத்தில் வந்து நின்று, அவளும் உள்ளங்கையை விரித்துக் கதவில் ஓங்கி அறைந்தாள்.