தலைவரோடு மலையும் விலகியது

கல்வராயன் சிறுதானிய உழவர் பேரவையின் நிரந்தரத் தலைவர் ராஜாங்கம் ஒவ்வொரு ஆடியிலும் ராஜினாமா செய்வார். உறுப்பினர்கள் "வேணாங்க அய்யா" என்று கெஞ்சுவார்கள். அவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பதவியில் தொடர்வார். அம்மனுக்குக் கூழ் ஊற்றுவது தவறினாலும் இது தவறாது.

இந்த வருஷம் கெஞ்சலை ஆன்லைனில் வைத்துக்கொண்டார்கள். பேரவைக்கென்றே ஓர் அரட்டைத் தளம் இருந்தது. அதற்கு ரெண்டு சர்வர். சங்கராபுரத்தில் ராஜாங்கம் வீட்டு மாடியில் ஒன்று, மலைமேல் வெள்ளிமலையில் ஒன்று. நடுவில் ஒரே ஒயர்.

"உடல்நிலை கருதி விலகுகிறேன்" என்று தட்டி அனுப்பிவிட்டு மீசையைத் தடவியபடி காத்திருந்தார்.

திரையில் மளமளவென்று விழுந்தது. சின்னப்பொண்ணு வெளியேறினார். தர்மன் வெளியேறினார். பூமாலை வெளியேறினார். மூக்காயி வெளியேறினார். மலைக்காரர் ஒருத்தர் பாக்கியில்லை. மிஞ்சியது அவரும் அவர் மச்சானும்தான். மச்சான் எப்போதுமே தூக்கம்.

ராஜாங்கம் உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "கோகிலா, இங்க வந்து பாரு. நான் இல்லாத பேரவை வேணாம்னு மலையே எழுந்து போயிடுச்சு."

மனைவி கோகிலவாணி எட்டிப் பார்த்தாள். "லைனு கட்டாயிருக்கும்."

"உனக்கு இன்னா தெரியும்? இது பாசம்."

"பாசம் அகரவரிசையிலயா போவும்?"

அவர் காதில் வாங்கவில்லை. ஏற்புரை எழுத உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலம் லைன் வந்தது. பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து உட்கார்ந்தன. "உங்கள் கண்ணீருக்குத் தலைவணங்கி" என்று தட்டிக்கொண்டே திரையின் மேல்பக்கம் பார்த்தார். 'தலைவர்: சின்னப்பொண்ணு' என்றிருந்தது.

போனைப் போட்டார். "இன்னாம்மா இது?"

"விலகுறேன்னீங்க, ஒடனே 'ராஜாங்கம் வெளியேறினார்'னு வந்துச்சுங்க. எப்பவும் கெஞ்சற வரைக்கும் ஒக்காந்துகினு இருப்பீங்களே. இந்த வாட்டி நெசமாவே ஒடம்புக்கு முடியல போலன்னு என்னியப் போட்டுட்டாங்க."

"நான் எங்கம்மா போனேன்? ஒயருதான் போச்சு. எனக்கும் நீங்கல்லாம் வெளியேறினதாத்தான் காட்டுச்சு."

"ஆமாங்க, ஒயரு ஜாயிண்ட் போட்டவங்க சொன்னாங்க. உங்க தெருமுனையில பேனர் கட்ட குழி தோண்டனதுல அறுந்துபோச்சாம்."

ராஜாங்கம் ஜன்னல் வழியே தெருமுனையை எட்டிப் பார்த்தார். 'பேரவையின் கண்ணீரை ஏற்றுப் பதவியில் தொடரும் பெருந்தகையே' என்ற அந்தப் பேனரைப் போன வாரமே அச்சடித்து வைத்திருந்தார்.

"பேனர் போட்டோவுல உங்க ஒடம்பு நல்லாத்தான் கீதாம்," என்றாள் சின்னப்பொண்ணு. "உங்களுக்கும் ஒரு பொறுப்பு வெச்சிருக்கோங்க. ஒயர் பாதுகாப்புக் குழுத் தலைவர்."

தலைவர் என்றதும் ராஜாங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தார். துண்டை எடுத்துக் கண்ணருகே வைத்துக்கொண்டார்.

"எனக்கெதுக்கும்மா பதவி? வேணாம்," என்றார், பழக்கதோஷத்தில்.

"சரிங்க அய்யா," என்று போனை வைத்துவிட்டாள்.