பதினேழாம் நம்பர் பலகை

என் பட்டறையில் நாற்பத்தோரு பலகை இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர், அறுத்த தேதி, நோட்டில் ஒரு பக்கம். ஞாயிறுதோறும் ஏலக்காய்த் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்து எழுதுவேன். எடை குறைந்துகொண்டே வந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். குறைவது நின்றால்தான் கிட்டார் செய்ய எடுப்பேன். இதைப் பார்த்துப் போடியில் சிரிக்காத ஆள் குறைவு. சிரிக்கட்டும், எனக்கென்ன வந்தது.

பதினேழாம் நம்பர் பால்ராஜ் அண்ணனுடையது. சர்ச்சில் கிட்டார் வாசிப்பவர். போடிமெட்டு ரோட்டில் காற்றில் சாய்ந்த பலாமரத்தை நான் லோடு ஏற்றி வந்து அறுத்தபோது, பலகைகளை ஒவ்வொன்றாகத் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். "இதுதான் தாயி எனக்கு" என்று பென்சிலால் பேரெழுதினார். நாலைந்து வருஷம் காயணும் என்றேன். சரி என்று காத்திருந்தார். வாராவாரம் வந்து, "என்ன சொல்றாரு நம்மாளு?" என்று பலகையை விசாரிப்பார்.

இந்த ஆடியில் அவர் கைகளுக்கு நரம்புக் கோளாறு வந்தது. விரல்களில் பலம் போய்க்கொண்டே இருக்கும், ஒரு வருஷம் தாங்கலாம் என்று மதுரை டாக்டர் சொல்லிவிட்டார். வேறு காய்ந்த பலகையில் செய்து தருகிறேன் என்றேன். "பேரெழுதுனது அதுல தாயி" என்றார். பலகையோ இன்னும் வாரத்துக்கு இருபது கிராம் குறைந்துகொண்டிருந்தது. 

என் வீட்டுக்காரர் அழகுராஜா மேலே எஸ்டேட்டில் ஏலக்காய் ஸ்டோர் பார்க்கிறார். பறித்த பச்சைக் காயை அடுப்புச் சூட்டு அறையில் பரப்பி ஒரே நாளில் உலர்த்துவது அவர் சோலி. ஒருநாள் சாப்பிடும்போது, "ஏன் ரேணுகா நோட்டையே வெறிச்சுக்கிட்டு இருக்க?" என்றார். என் எரிச்சல் மொத்தமும் அவர்மேல் இறங்கியது.

"அம்புட்டு ஏலக்காயக் காய வைக்கிற மனுசனுக்கு, பொண்டாட்டியோட ஒத்தப் பலகையக் காய வைக்க வக்கில்ல!"

அவர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார்.

நான் கிட்டார் கம்பி வாங்க மதுரைக்குப் போன அன்று, மாமா பலகையை ஜீப்பில் ஏற்றி ஸ்டோருக்குக் கொண்டுபோயிருக்கிறார். மறுநாள் சாயங்காலம் அதைச் சுமந்துகொண்டு வந்து நின்றார்.

"எடை போட்டுப் பாரு புள்ள. வெரசாக் காஞ்சிருச்சு."

எடை போட என்ன இருக்கிறது? பலகை முறுக்கிக் கிடந்தது. நடுவில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. ஏலக்காய் வாசம் வேறு கமகமவென்று அடித்தது.

"நாசமாப் போச்சே! உள்ள ஈரம் இருக்கும்போது மேல மட்டும் காஞ்சா வெடிக்காம என்ன மாமா செய்யும்?"

"நீதான சொன்ன," என்றார் முகம் செத்துப்போய்.

சொன்னது நான்தான். என் வாயை நானே கிழித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பால்ராஜ் அண்ணன் வந்தார். நான் எதையும் மறைக்கவில்லை. பலகையை அவர் முன்னால் வைத்து, நடந்ததைச் சொன்னேன். வெடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமா வாசலோடு நின்றுவிட்டார்.

"முப்பத்தொண்ணாம் நம்பர் நல்லாக் காஞ்சிருக்குண்ணே. அதே மரம்தான், மெல்லிசா அறுத்தது. தட்டிப் பாருங்க" என்று அதை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன்.

வலது கையைத் தூக்கினார். விரல் மடங்கவில்லை. நகம் பலகையில் உரசியது, அவ்வளவுதான். இடது கையால் முயன்றார். அதுவும் அப்படியே.

"ஒரு வருசம்னு சொன்னாங்களேண்ணே!"

"போன மாசமே போச்சு தாயி. நீ எனக்காக அவதிப்படறதப் பாத்து, எந்த வாயால சொல்றது?"

ஒரு மாதமாகப் பறந்ததும், மாமாவைச் சாப்பாட்டில் வைத்துத் திட்டியதும் எதற்காக?  வாசலைத் திரும்பிப் பார்க்க எனக்கு முகமில்லை.

அண்ணன் குனிந்து அந்த முப்பத்தொன்றாம் பலகையில் காதை வைத்தார்.

"நீ தட்டு. நான் கேக்குறேன்."

தட்டினேன். கண்ணை மூடிக்கொண்டார்.

"இன்னொருக்கா."

அவர் தலையை எடுக்கும்வரை தட்டிக்கொண்டே இருந்தேன்.