ஆறாவது வரி

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் விமானத்தில் ஏறியதே இல்லை. செங்கம் ரோட்டில் ஆட்டோ கொஞ்சம் வேகமாகத் திரும்பினாலே கம்பியைப் பிடித்துக்கொள்கிற ஆள். இந்தக் கதை எனக்கு மொட்டைமாடியில் கிடைத்தது. கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்காரர் உமாமகேஸ்வரன் அண்ணாமலையார் கோயிலில் குருக்கள். அவர் மகள் ஹைமவதி கோ-பைலட். லீவில் வந்தவள், துணி காயப்போட்டுக்கொண்டே சொன்னாள். கடைசியில் ஒரு நிபந்தனையும் போட்டாள்.

"கதையா எழுதினீங்கன்னா, நான் புத்தகத்தைப் பார்த்துப் படிச்சதா எழுதிடுங்க சார்."

அங்கேதான் வம்பு ஆரம்பித்தது.

2.

முதல் தொடக்கம்: 'மேகங்களைக் கிழித்துக்கொண்டு அந்த இரும்புப் பறவை' — சீ, வேண்டாம்.

இரண்டாவது: 'எச்சரிக்கை விளக்கு எரிந்ததும் பயணிகள் அலறி' — யாரும் அலறவில்லை. பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தார்களாம்.

நடந்ததையே எழுதுகிறேன்.

இறங்க இன்னும் கால் மணி நேரம். ஹைமவதி ஃபிளாப்பின் பிடியை நகர்த்தினாள். ஃபிளாப் என்பது இறக்கையின் பின்விளிம்பில் விரியும் தகடு. அது விரிந்தால்தான் விமானம் மெதுவாக இறங்க முடியும். விரியவில்லை. மாட்டிக்கொண்டது.

"மேல போயிடலாம். செக்லிஸ்ட் படிங்க," என்றார் கேப்டன் அறிவுமதி, சாம்பாருக்கு உப்பு கேட்பதுபோல.

கோளாறு என்றால் ஒருவர் ஓட்ட வேண்டும். மற்றவர் அதற்கான புத்தகத்தை விரித்து வரிவரியாகச் சத்தம்போட்டுப் படிக்க வேண்டும். தலைகீழ்ப் பாடமாக இருந்தாலும் பார்த்துத்தான் படிக்க வேண்டும். அது அவர்கள் சட்டம்.

ஹைமவதி கடகடவென்று சொன்னாள். புத்தகம் மடியில் மூடியிருந்தது.

(பைலட் ஒருத்தி இப்படிச் செய்வாளா என்று எனக்கே சந்தேகம். அப்புறம் கீழ்வீட்டை நினைத்துக்கொண்டேன். அந்த வீட்டில் புத்தகத்தைப் பார்த்து மந்திரம் சொன்னால் கேவலம். பிறந்ததிலிருந்து அவள் கேட்டதெல்லாம் பார்க்காமல் சொல்கிற வாய். பதற்றத்தில் அப்பாவின் வாய் வந்துவிட்டது, பாவம்.)

கேப்டன் திரும்பவில்லை. "எந்தப் பக்கத்துல படிக்கிறீங்க?" என்று மட்டும் கேட்டார்.

 புத்தகத்தைத் திறந்து முதல் வரியிலிருந்து படித்தாள். ஆறாவது வரி: ஓடுபாதையின் நீளம் போதுமா, கணக்கிடுக. அதைத்தான் விழுங்கியிருந்தாள். கணக்கிட்டார்கள். போதாது. போக வேண்டியது சின்ன ஊர்; அங்கே இந்த வேகத்தில் இறங்கியிருந்தால் விமானம் வயலில் போய்த்தான் நின்றிருக்கும்.

சென்னைக்குத் திருப்பினார்கள். பணிப்பெண் கவியா பயணிகளிடம், "கொஞ்சம் லேட்டாகும்ங்க, சென்னையில இறங்குறோம்," என்றாள். ஒருவர் காபி கேட்டார். விமானம் தடதடவென்று தரை தொட்டு, நீளமாக ஓடி, நின்றது. அப்பாடா.

3.

இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் நடந்ததைப் பற்றி அவள் கம்பெனிக்கு அறிக்கை எழுத வேண்டும். 'பார்க்காமல் சொன்னேன், ஒரு வரியை விட்டேன்' என்று எழுதினால் அடுத்த மாதம் வரவேண்டிய கேப்டன் பதவி தள்ளிப்போகும். 'பார்த்துப் படித்தேன்' என்று எழுதினால் அறிவுமதியைத் தவிர யாருக்கும் ஒன்றும் தெரியாது. "உங்க பங்கை நீங்களே எழுதுங்க," என்று அறிவுமதி விட்டுவிட்டார். மூன்று நாளாக லேப்டாப் திறந்தபடி கிடக்கிறது.

(அடுத்தது, கீழே அவர்கள் சாப்பிடும்போது, மாடிப்படியில் என் காதில் விழுந்தது. ஒட்டுக்கேட்கவில்லை; உரத்த குரல் குடும்பம் அது.)

"அப்பா, அர்ச்சனையில நடுவுல ஒரு நாமம் விட்டுப்போச்சுன்னா?"

"முதல்லேர்ந்து சொல்வேன்."

"பௌர்ணமிக் கூட்டம் நிக்குமே?"

"நிக்கட்டும். மோர் ஊத்து."

4.

நேற்று சாயங்காலம் அவளுக்குக் கதையைப் படித்துக் காட்டினேன். 'கடகடவென்று சொன்னாள்' வரை வந்தேன். அவள் முகத்தைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை. 'புத்தகம் மடியில் மூடியிருந்தது' என்ற வரியைத் தாண்டி, அடுத்த பத்திக்குப் போய்விட்டேன்.

"சார்," என்றாள். "எந்தப் பக்கத்துல படிக்கிறீங்க?"

அந்த இடத்தில் ஒரு வரி இருந்தாக வேண்டும் என்று அவளுக்குத் தெரியாதா? எனக்கு வெட்கமாகப் போயிற்று.

"முதல்லேர்ந்து படிங்க."

படித்தேன், எல்லா வரியும். அவள் இறங்கிப் போனாள்.

[அவள் உண்மையை எழுதி அனுப்பி — அடித்துவிட்டேன்.]

[பதவிதான் பெரிது என்று அவள் — இதையும்.]

கொஞ்ச நேரம் கழித்துக் கீழே ஹைமவதியின் குரல். அறிக்கையைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள், பார்த்துப் படிக்கிறவர்கள் போல நிறுத்தி நிறுத்தி. ஐந்து வரி எனக்குத் தெளிவாகக் கேட்டது: தேதி, நேரம், உயரம், ஃபிளாப், கேப்டன் செக்லிஸ்ட் படிக்கச் சொன்னது. ஆறாவது வரிக்கு அவள் வாய் திறந்த நேரம் பார்த்து, ரோட்டில் ஒரு பஸ்காரன் ஹாரனை அமுக்கிவிட்டான்.

அந்த வரியை நீங்கள்தான் எழுத வேண்டும். நான் இடம் விட்டிருக்கிறேன்.

6. ........................................