எடைக்கு எடை சர்க்கரை

ஷம்ஷாத் அந்தக் கடிதத்தை மூன்றாவது முறையாக இடம் மாற்றினாள். பீரோவில் இருந்தது, அரிசி டிரம்முக்கு அடியில் இருந்தது, தையல் மெஷின் டிராயரில் இருந்தது. இப்போது மால்ட் பவுடர் டப்பாவுக்குப் பின்னால் போயிற்று. பதினொரு நாளாக வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. கணவன் ஃபயாஸ் கண்ணில் மட்டும் படவில்லை.

மகள் படிக்கும் பள்ளியில் நடந்த உடல் பரிசோதனைக்குப் பிறகு வந்த கடிதம். அஃப்ஷீன், வயது பத்து, உயரம் நூற்று முப்பத்து நான்கு, எடை ஐம்பத்தொன்று. கீழே சிவப்பு மையில்: உடல் பருமன். பெற்றோர் இருவரும் வரவும்.

இன்று வியாழக்கிழமை. மாலை ஐந்து மணிக்குத் தர்காவில் தராசு.

அஃப்ஷீன் எட்டாம் மாதத்திலேயே பிறந்தவள். ஒரு கிலோ அறுநூறு கிராம். கண்ணாடிப் பெட்டிக்குள் அவள் கிடந்த இருபத்திரண்டு நாளும் ஷம்ஷாத் வெளியே நின்றாள். அப்போது நேர்ந்துகொண்டாள். பிள்ளை பிழைத்தால், பத்து வயது முடியும்வரை வருடத்துக்கு ஒருமுறை அவள் எடைக்கு எடை சர்க்கரை.

முதல் வருடம் ஒன்பது கிலோ. தர்காவில் கூடியிருந்தவர்கள் மாஷா அல்லாஹ் என்றார்கள். அந்த ஒரு சொல்லுக்காக ஒவ்வொரு வருடமும் ஒரு மாதம் முன்பே தொடங்கிவிடுவாள். பேரீச்சம்பழம், நெய்ச்சோறு, பாலில் மூன்று ஸ்பூன் மால்ட் பவுடர். போன வருடத்தைவிடச் சர்க்கரை குறைந்தால் அது நன்றி கெட்ட செயல் என்று அவளாகவே முடிவு செய்துகொண்டாள். யாரும் அப்படிச் சொன்னதில்லை. யாரும் மறுத்ததும் இல்லை.

ஃபயாஸுக்கு வேலப்பன்சாவடியில் கல்லூரிக்கு எதிரே ஜெராக்ஸ் கடை. மகளை விழித்திருக்கும்போது பார்ப்பதே அரிது என்பதால், தினமும் சிக்கன் பொட்டலமோ கிரீம் பன்னோ இல்லாமல் வீடு திரும்பமாட்டான். வீடு மூன்றாவது மாடி. வாசலை உரசிக்கொண்டு லாரிகள் போகும். விளையாட இருந்த காலி மனையில் கார்களை நிறுத்திவிட்டார்கள். பள்ளி விட்டால் டியூஷன், டியூஷன் விட்டால் போன்.

மதியம் ஷர்மிளாவிடமிருந்து அழைப்பு வந்தது. பரிசோதனை செய்த நர்ஸ் அவள். ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டாள். வீட்டுக்காரர் ஊரில் இல்லை என்று ஷம்ஷாத் பொய் சொன்னாள்.

"புள்ள கழுத்துல கறுப்பா பட்டை மாதிரி கீதே, பாத்தீங்களா?"

"அழுக்குக்கா. டெய்லி பயத்தமாவு போட்டுத் தேய்க்கிறேன். போவ மாட்டேங்குது."



"அது அழுக்கு இல்லம்மா. உள்ள ஒடம்பு சர்க்கரையோட மல்லுக்கட்டிகினு கீது. அதோட அடையாளம். தேய்க்காதீங்க."

இப்போதே கவனித்தால் சரியாகக்கூடியதுதான் என்றாள். பிள்ளையை மட்டும் பட்டினி போடக் கூடாது, வீடு மொத்தமும் மாற வேண்டும் என்றாள். சனிக்கிழமை வரச் சொன்னாள்.

போனை வைத்த பின் ஷம்ஷாத்தால் உட்கார முடியவில்லை. சமையலறைக்கும் பால்கனிக்குமாக நடந்தாள். தேய்க்கும்போது அஃப்ஷீன் குளியலறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அழமாட்டாள்.

நான்கு மணிக்கு அஃப்ஷீன் வந்தாள். டிபன் பாக்ஸ் கனத்தது. திறந்தால், காலையில் வைத்த நெய்ச்சோறு அப்படியே இருந்தது.

"இன்னாடி, சாப்பிடலையா?"

"காலைல பாலையும் சிங்க்ல ஊத்திட்டேன்."

"ஏன்?"

"வெயிட் கம்மியாவும்ல." உதடு காய்ந்திருந்தது. "போன வருசம் ராஷித் சாச்சா, அடுத்த தபா லாரி எடுத்துகினு வரணும்னு சொன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நீயும் சிரிச்சேம்மா."

சிரித்ததுதான். அது ஷம்ஷாத்துக்கு நன்றாக நினைவிருந்தது. கடையில் வாங்கிய லட்டைப் போல அந்தச் சிரிப்பை எல்லோரோடும் பகிர்ந்துகொண்டிருந்தாள். எழுந்துபோய் நான்கு சப்பாத்தி சுட்டாள். வெண்டைக்காய் பொரியலோடு இரண்டு மகளுக்கு, இரண்டு தனக்கு. பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள்.

கீழே ஆட்டோ ஹாரன் அடித்தது. சர்க்கரை மூட்டையோடு ஃபயாஸ் வந்திருந்தான். மாடி ஏறியதும் ஷம்ஷாத் கடிதத்தை நீட்டினாள். நர்ஸ் சனிக்கிழமை வரச் சொன்னதையும் சொன்னாள். அவன் படித்தான். தேதியைப் பார்த்தான். அவளையும் பார்த்தான். நேர்ந்தது நேர்ந்ததுதான், கடைசி வருடம், முடித்துவிட்டுப் பேசலாம் என்று சொல்லிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

தர்கா முற்றத்தில் இரும்புச் சட்டத்தில் தராசு தொங்கியது. சங்கிலிகளில் இரண்டு பலகைகள். ஃபயாஸின் தம்பி ராஷித் முன்பே வந்திருந்தான். ஆட்டோவிலிருந்து மூட்டையை இறக்கி ஒரு பலகையில் ஏற்றினான். ஐம்பது கிலோ மூட்டை, மேலே ஐந்து கிலோ பை.

"வா குண்டுமல்லி. சங்கிலிய இழுத்துப் பாத்துட்டேன், தாங்கும்."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அஃப்ஷீனின் விரல்கள் தாயின் புர்காவை இறுக்கிப் பிடித்தன. ஷம்ஷாத் அந்த விரல்களை மெல்ல விடுவித்தாள். போய்ப் பலகையில் தானே உட்கார்ந்தாள்.

"நேர்ந்துகினது நானு. நானே ஒக்காறேன்."

"ஷம்ஷா, எழுந்திரு," என்றான் ஃபயாஸ்.

"அவ எடைக்குக் கம்மியா போச்சின்னாதானே குத்தம்? மேல போவுது. போவட்டும்."

பலகை தரையை விட்டு எழும்பவில்லை. எதிர்ப் பக்கம் சர்க்கரை உயரத்தில் ஆடியது. இப்போது சிரிப்பு அவள் பக்கம் திரும்பியது.

"அண்ணி, மூட்டை பத்தாது."

"வாங்கினு வா."

ராஷித் முனகிக்கொண்டே பைக்கை எடுத்தான். வருவதற்கு இருபது நிமிடம் ஆயிற்று. அத்தனை நேரமும் ஷம்ஷாத் எல்லோரும் பார்க்க உட்கார்ந்திருந்தாள். முகம் எரிந்தது. போன வருடம் இதே பலகையில் மகள் எங்கே பார்த்துக்கொண்டிருந்திருப்பாள் என்று நினைத்தாள்.

அஃப்ஷீனை யாரும் கவனிக்கவில்லை. முற்றத்துக் கற்களில் சின்னப் பிள்ளைகள் நொண்டியடித்துக்கொண்டிருந்தார்கள். முதலில் ஓரமாக நின்றாள். பிறகு அவளும் ஒற்றைக் காலைத் தூக்கினாள்.

ஃபயாஸ் சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்து மறுபடி படித்தான். பலகைக்குப் பக்கத்தில் வந்து குந்தினான்.

"சனிக்கிழமை எத்தினி மணிக்கு?"

"பத்து."

"கடைய மூடிட்டு வரேன்."

கூடுதல் சர்க்கரை வந்தது. பலகை மெல்ல எழும்பியது. ஓதி முடித்ததும், தராசில் ஏறியவர் வாயில் முதல் கைப்பிடி போடுவது வழக்கம். பெரியவர் ஒருவர் நீட்டினார். ஷம்ஷாத் ஒரு சிட்டிகை மட்டும் நாக்கில் வைத்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொட்டினாள்.

வெளியே ஆட்டோ காத்திருந்தது. நடந்தே போகலாமா என்று அஃப்ஷீன் கேட்டாள். லாரி வருமே என்று ஃபயாஸ் இழுத்தான். பிறகு மகளை உள்பக்கம் விட்டுத் தான் சாலைப் பக்கமாக நடந்தான்.

இரண்டாவது பஸ் ஸ்டாப்பிலேயே ஷம்ஷாத்துக்கு மூச்சு வாங்கியது. நின்று, முக்காட்டைத் தளர்த்திக் கழுத்து வியர்வையைத் துடைத்தாள். மகளுக்கு இருப்பது போலவே தடித்த தோல் விரலில் சொரசொரவென்று பட்டது. அதையும் இத்தனை வருடமாகத் தேய்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

பத்தடி முன்னால் போன அஃப்ஷீன் திரும்பிப் பார்த்தாள்.

"மெதுவா வாம்மா. நிக்கிறேன்."